தாது வருஷத்தில் கருத்துக்குப் பங்கு எவ்வளவு?

1876ஆம் ஆண்டு சென்னை ராஜதானியின் உள்மாவட்டங்களில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஐப்பசியில் வடகிழக்காவது கைகொடுக்கும் என்று காத்திருந்தார்கள், அதுவும் வரவில்லை. பெல்லாரி, கர்நூல், கடப்பை, வட ஆர்க்காடு, சேலம், கோயம்புத்தூர் என்று புன்செய்ச் சீமை முழுவதும் சோளமும் கம்பும் கேழ்வரகும் கதிர் பிடிக்காமல் கருகின. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது. இரண்டு ஆண்டுகள் நீடித்து மைசூர், தக்காணம் வரை பரவிய அந்தக் கொடுமையைத் தாது வருஷப் பஞ்சம் என்றே தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் வழக்கத்துக்கு மேல் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் அதிகம் என்று சர்க்கார் நியமித்த கமிஷனே கணக்கிட்டது. சேலம் மாவட்டத்தில் 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது 19½ லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் தொகை, 1881இல் 16 லட்சத்தை ஒட்டி வந்து நின்றது. இறந்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமலே போன குழந்தைகள் எல்லாரும் அந்த வித்தியாசத்துக்குள் அடக்கம்.

இத்தனை பேர் ஏன் இறந்தார்கள் என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. வானம் பொய்த்தது என்பது ஒன்று. கஜானாவைக் காப்பாற்ற ஆட்சியாளர்கள் மக்களைக் கைவிட்டார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது பதில் விசித்திரமானது: சில புத்தகங்களில் எழுதியிருந்த ஒரு கோட்பாடு அவர்களைக் கொன்றது என்கிறது அது. மனித வரலாற்றைக் கருத்துகள் எவ்வளவு தூரம் உருவாக்குகின்றன என்ற பழைய விவாதத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனைக்களம் எனக்குத் தெரிந்து இல்லை. வழக்கமாக இந்த விவாதம் பிரெஞ்சுப் புரட்சி, மறுமலர்ச்சி என்று பெரிய பெயர்களைச் சுற்றியே நடக்கும். அங்கே காரணங்கள் ஆயிரம். எதை வேண்டுமானாலும் நிறுவிவிடலாம். தாது வருஷத்தில் முடிவெடுத்தவர்கள் ஒரு சிலர். அவர்கள் என்ன படித்தார்கள், என்ன எழுதினார்கள், எதை மறுத்தார்கள் என்பதெல்லாம் கோப்புகளில் இருக்கிறது. எதிர்த்துப் பேசியவர்களும் அதே கோப்புகளில் இருக்கிறார்கள்.

விவாதத்தின் இரு முனைகளையும் முதலில் வைத்துவிடலாம். தங்களை நடைமுறைவாதிகள் என்று நினைத்துக்கொள்பவர்கள்கூட என்றோ இறந்துபோன ஏதோ ஒரு பொருளாதாரச் சிந்தனையாளருக்கு அடிமைகள்தாம் என்ற பொருளில் கெய்ன்ஸ் தம் 1936ஆம் ஆண்டு நூலை முடித்தார். சொந்த நலன்களின் பலத்தை மிகைப்படுத்திவிட்டோம், கருத்துகள் மெல்ல மெல்லப் பரவும் விதத்தைக் குறைத்துவிட்டோம் என்பது அவர் கட்சி. மறுமுனையில் 1859இல் மார்க்ஸ் எழுதிய முன்னுரை. மனிதர்களின் வாழ்நிலையே அவர்கள் எண்ணங்களைத் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். மார்க்ஸின் வழியில் பார்த்தால், தாது வருஷத்தின் கோட்பாடு ஒரு முகமூடி. அதன் பின்னால் இருப்பது கஜானா.

கோட்பாடு எங்கிருந்து வந்தது? 1770ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தைப் பற்றி ஆடம் ஸ்மித் 1776இல் எழுதினார். மழைக்குறைவால் தட்டுப்பாடுதான் வந்திருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் அரிசி வியாபாரத்தில் விதித்த கட்டுப்பாடுகளே அதைப் பஞ்சமாக மாற்றின என்பது அவர் கணிப்பு. தானிய வியாபாரத்தை அதன் போக்கில் விட்டால் விலை ஏறும், ஏறிய விலை தானியத்தை இழுத்துவரும், அதே விலை மக்களைச் சிக்கனமாக உண்ணவும் வைக்கும் என்பது வாதம். 1798இல் மால்தஸ், மக்கள் தொகை உணவை மிஞ்சி ஓடும் என்றும் பஞ்சமும் நோயும் அதை இழுத்துப் பிடிக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த மால்தஸ்தான் இந்தியாவுக்கு அனுப்பப்படும் சிவில் அதிகாரிகளுக்காகக் கம்பெனி நடத்திய ஹெய்லிபரி கல்லூரியில் 1805 முதல் 1834இல் சாகும் வரை வரலாறும் பொருளாதாரமும் கற்பித்தார். அங்கே படித்த சார்லஸ் டிரெவெல்யன் 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் லண்டன் கருவூலத்தின் சார்பில் நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர். அதே மனிதர் 1859இல் சென்னைக்குக் கவர்னராக வந்தார். இதோடு 1834ஆம் ஆண்டின் இங்கிலாந்து ஏழைகள் சட்டமும் சேர்ந்துகொண்டது. உதவி பெறுபவன் நிலை, உழைத்துப் பிழைக்கும் கடைசிக் கூலிக்காரன் நிலையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாரும் உதவிக்கே வருவார்கள் என்பது அதன் அடிப்படை.

ஆக, கோட்பாடு என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் மூன்று: சந்தையில் தலையிடாதே, மக்கள் தொகையை இயற்கை சரிசெய்யும், உதவியைக் கசப்பாக்கு. மூன்றும் ஒன்றையொன்று அவசியமாக்குவன அல்ல. ஸ்மித்தை ஏற்றுக்கொண்டு மால்தஸை மறுக்கலாம். ஆனால் இந்தியாவின் சர்க்கார் அலுவலகங்களில் மூன்றும் ஒரே முடிச்சாகி வந்து சேர்ந்தன. சென்னையில் பொருளாதாரம் கற்பித்த எஸ்.அம்பிராஜன் 1978இல் வெளியிட்ட நூலில், இந்தப் பொருளாதாரம் இந்தியக் கொள்கைகளுக்குள் புகுந்த வழியைக் கோப்பு கோப்பாகத் தேடிக் காட்டியிருக்கிறார். பஞ்ச நிர்வாகத்தில் அது ஆழமாக ஊறியிருந்தது என்பதை அவரைப் படித்தபின் மறுப்பது கடினம். என்றாலும் கோப்புகளை வைத்துக் கருத்தின் பலத்தை அளப்பதில் ஓர் ஆபத்து உண்டு. எடுத்த முடிவுக்குக் காரணம் எழுதுகிறவன் மேலதிகாரிக்குப் பிடித்த காரணத்தைத்தான் எழுதுவான். ஸ்மித்தின் பெயர் ஒரு குறிப்பில் இருப்பதாலேயே ஸ்மித் அந்த முடிவை எடுக்கவைத்தார் என்று ஆகிவிடாது.

அதனால் சொற்களைவிடச் செயல்களை ஒப்பிடுவதே சரியான வழி. வரலாறு நமக்கு ஒரே மனிதரை இரண்டு பஞ்சங்களில் வைத்துக் காட்டுகிறது. முதலில் அதன் முன்கதை: 1866இல் ஒரிசாவில் சர்க்கார் தலையிடாமல் இருந்தது. ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தார்கள். அப்போது லண்டனில் இந்திய மந்திரியாக இருந்தவர் பின்னாளில் சாலிஸ்பரி பிரபு ஆனார்; அந்தப் பழியிலிருந்து தன் மனம் விடுபட்டதே இல்லை என்று பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். அந்த அதிர்ச்சிக்குப் பின் 1873–74இல் பிகாரில் பயிர் பொய்த்தபோது நிவாரணப் பொறுப்பு ரிச்சர்ட் டெம்பிளிடம் வந்தது. பர்மாவிலிருந்து சர்க்காரே பெருமளவு அரிசி வாங்கி இறக்கியது. தாராளமாக வேலையும் கூலியும் தரப்பட்டன. பட்டினிச் சாவு மிகக் குறைவு. செலவு சுமார் 65 லட்சம் பவுண்டு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்போதைய வைஸ்ராய் நார்த்புரூக் சுதந்திர வியாபாரத்தில் உறுதியான நம்பிக்கை கொண்டவர். வங்காளத்திலிருந்து அரிசி ஏற்றுமதியைத் தடை செய்யுங்கள் என்று லெப்டினன்ட் கவர்னர் ஜார்ஜ் கேம்பல் மன்றாடியும் அவர் இணங்கவில்லை. ஆனால் அதே நார்த்புரூக்தான் பர்மா அரிசி வாங்கவும் அனுமதித்தார். ஒரு கை வியாபாரத்தைத் தொடவில்லை, மறு கை சோறு போட்டது. ஆகவே கோட்பாட்டை நம்பியவர் எல்லாரும் மக்களைச் சாகவிட்டே தீரவேண்டும் என்ற கட்டாயம் இருந்ததில்லை. கெய்ன்ஸ் கட்சிக்கு இது முதல் அடி.

அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். பிகாரில் மக்கள் பிழைத்தார்கள் என்பது கண்ணெதிரே இருந்த உண்மை. அதை வெற்றி என்று லண்டனும் கல்கத்தாவும் படித்திருக்கலாம். மாறாக, டெம்பிள் பணத்தை வாரி இறைத்தார் என்று கண்டிக்கப்பட்டார். சாவு நிகழவில்லை என்றால் ஆபத்தே இருந்திருக்காது, செலவு வீண் என்று வாதிட்டார்கள். ஒரு மருந்து பலித்ததையே அது தேவையில்லை என்பதற்குச் சாட்சியாக்கும் இந்த வாதத்தை மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு பேரரசு தன் கொள்கையாக்கிக்கொண்டது. அனுபவம் தானாக யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. அதைப் படிக்கும் கண்ணாடியை முன்பே மாட்டியிருக்கிறார்கள்.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், அதே டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார், இம்முறை செலவைக் குறைக்க. சென்னையில் கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகன் அதற்குள் கல்கத்தாவின் கோபத்துக்கு ஆளாகியிருந்தார். பஞ்சம் தொடங்கியதுமே அவர் சர்க்கார் பணத்தில் 30,000 டன் தானியம் வாங்கச் சொல்லிவிட்டார். வியாபாரியின் வேலையில் சர்க்கார் கைவைத்தது என்று இந்திய சர்க்கார் அதைக் கண்டித்தது. டெம்பிள் மாவட்டம் மாவட்டமாக விரைந்து சுற்றினார். நிவாரண வேலையிலிருந்து பெருங்கூட்டமாக ஆட்களை நீக்கினார். வேலை கேட்பவர்கள் ஊரிலிருந்து பத்து மைல் தள்ளி முகாமுக்கு வந்து தங்க வேண்டும் என்ற சோதனையும் வந்தது. கூலி, ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைக்கப்பட்டது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் குறைவு. வெயிலில் கல் உடைத்து மண் சுமக்கும் உடம்புக்கு அது ஒரு நாள் உணவு.

இதை எதிர்த்து நின்றவர் ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். அவர் வாதம் அறத்தின் பெயரால் எழுப்பப்பட்டதல்ல, உடலியலின் பெயரால் எழுப்பப்பட்டது. உழைக்கும் ஆளுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும். டெம்பிள் நிர்ணயித்தது கடுங்காவல் கைதிக்குச் சிறையில் தரும் உணவைவிடவும் குறைவு என்று அவர் எழுதினார். முகாம்களில் எடை குறைந்து வீங்கிய உடல்களையும் வயிற்றுப்போக்கில் சாகிறவர்களையும் நேரில் பார்த்துக் கணக்கெடுத்தார். பின்னர் சென்னை சர்க்கார் உணவளவை ஓரளவு உயர்த்தியது. ஒன்றே கால் பவுண்டு தானியம், கொஞ்சம் பருப்பு. அதற்குள் கோடை வந்து, தண்ணீர் வற்றி, காலரா பரவியிருந்தது. அந்த ஆண்டின் தென்மேற்கு மழையும் தாமதித்தது.

இப்போது கஜானாக் கட்சியின் வாதத்தைக் கேட்கலாம். அது வலுவானது. 1870களில் வெள்ளி விலை சரிந்து ரூபாயின் மதிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. லண்டனுக்கு ஆண்டுதோறும் பவுண்டில் அனுப்ப வேண்டிய தொகை அதனால் கனத்தது. 1878 நவம்பரில் ஆப்கன் யுத்தம் தொடங்கியது. பஞ்சக் காப்பு நிதி என்று ஆண்டுக்கு 15 லட்சம் பவுண்டு ஒதுக்கப் புதிய வரிகள் போட்டார்கள். அந்தப் பணம் கிடைத்த சூட்டிலேயே யுத்தச் செலவில் கரைந்தது. இதைவிட முக்கியமான சாட்சியம், தலையிடாக் கொள்கை யாருக்கெல்லாம் தளர்த்தப்பட்டது என்பது. ரயில்வே கம்பெனிகளுக்கு முதலீட்டின் மேல் 5 சதவீத வருமானத்தை இந்திய வரிப்பணத்திலிருந்து சர்க்கார் உத்தரவாதம் செய்திருந்தது. லண்டன் பங்குதாரருக்குச் சந்தை விதி பொருந்தவில்லை, சேலத்துக் கூலிக்காரனுக்கு மட்டும் பொருந்தியது. 1879இல் லங்காஷயர் பருத்தித் துணிகள் சிலவற்றின் மேல் இருந்த இறக்குமதி வரியை, தம் சபையின் பெரும்பான்மையையும் மீறி லிட்டன் ரத்து செய்தார். கஜானா காலி என்று கூலியைக் குறைத்தவரே வருமானத்தை விட்டுக்கொடுத்தார். இதையெல்லாம் வரிசையாகப் பார்க்கும் மைக் டேவிஸ், 2001இல் வெளிவந்த நூலில் கோட்பாட்டைப் பேரரசின் ஆயுதமாகவே வரைகிறார்.

டேவிஸின் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அவர் தீர்ப்பு அவசரப்பட்டது. முகமூடி என்றால் எல்லா முகத்துக்கும் பொருந்த வேண்டும். பக்கிங்காமை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் அதே பேரரசின் பிரபு, அதே கன்சர்வேட்டிவ் கட்சி, அதே வர்க்கம். சென்னையில் வரி வசூல் குறைந்தால் முதலில் அடிபடுவது அவர் நிர்வாகம். நலன் ஒன்றேயானால் செயலும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அவரோ தானியம் வாங்கினார், கூலியை உயர்த்தினார், லண்டனுக்குத் தெரியும்படி நன்கொடை கேட்கும் கூட்டத்துக்கு இடம் தந்தார். அவர் ஹெய்லிபரி வழி வந்த சிவிலியன் அல்ல. இங்கிலாந்தில் பெரிய ரயில்வே கம்பெனி ஒன்றின் தலைவராக இருந்தவர். சரக்கு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எப்படி நகர்கிறது, எங்கே தேங்குகிறது என்பதைக் கோட்பாடாக அல்லாமல் தொழிலாக அறிந்தவர். ஒரே நலன், வேறு கருத்து, வேறு செயல். தம் கட்சியில் நிற்க மார்க்ஸியர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

டெம்பிளின் விஷயம் அவர்களுக்குச் சாதகமானதுதான். பிகாரில் வாங்கிய திட்டு, எதிர்பார்த்திருந்த பதவி உயர்வு, இவை அவரை மாற்றின என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1877 வசந்தத்திலேயே அவர் பம்பாய்க் கவர்னரானார். அவர் உள்ளத்தில் ஸ்மித் இருந்தாரோ இல்லையோ, பதவி இருந்தது. ஆனால் அவருக்குப் பதவி தர இருந்தவர்கள் எந்தச் செயலுக்குப் பரிசு தரத் தயாராக இருந்தார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. அதைத் தீர்மானித்தது கோட்பாடு.

கஜானாக் கட்சியின் அடித்தளத்தையே அசைக்கும் இன்னொன்றும் இருக்கிறது. சென்னை ராஜதானியின் பெரும்பகுதி ரயத்துவாரி நிலம். சர்க்கார் நேரடியாக விவசாயியிடம் தீர்வை வாங்குகிறது. செத்த விவசாயி தீர்வை கட்டமாட்டான். உழுமாடும் ஆளும் அழிந்த சேலத்தில் நிலங்கள் தரிசாகக் கிடந்தன. கஜானாவின் நலன் ஒன்றையே பார்த்தாலும், வரி கட்டுபவனை உயிரோடு வைத்திருப்பதுதான் கணக்குக்கு ஒத்துவரும். அந்தக் கணக்கைச் சிலர் எழுதியும் காட்டினார்கள். அது ஏன் எடுபடவில்லை? நடப்பு ஆண்டின் செலவுக் கணக்கு ஒன்றே நலன் என்று அவர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். பெருகிய மக்கள் தொகை எப்படியும் குறைந்தே தீரும் என்றும் நம்பினார்கள். இந்தியாவில் உணவைவிட மக்கள் வேகமாகப் பெருகுகிறார்கள் என்று 1877இல் லிட்டனே பேசினார். தன் நலன் எது என்பதை ஓர் ஆட்சி கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. யாரோ கற்பித்த கணக்கு முறையில்தான் தெரிந்துகொள்கிறது. நலன் முதலில், கருத்து பிறகு என்ற வரிசை இங்கே உடைகிறது.

மாக்ஸ் வேபர் இரு கட்சிக்கும் நடுவே ஒரு சமரசம் சொன்னார்: வண்டியைத் தள்ளுவது நலன், எந்தத் தண்டவாளத்தில் போவது என்பதைத் திருப்பிவிடும் ரயில்வே ஊழியன் கருத்து. அழகான உவமை. தாது வருஷத்துக்குப் பாதிதான் பொருந்துகிறது. வண்டி எது, பாதை எது என்று தனித்தனியாகப் பிரிக்க முடிந்தால்தான் அது செல்லும். மேலே பார்த்தபடி, கஜானாவின் நலன் என்ற வண்டியையே அந்த ஊழியன்தான் பூட்டிக்கொடுத்திருக்கிறான்.

கோட்பாடு உயிர் வாழ்ந்த ரகசியம் வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது முழுப் பொய் அல்ல. 1877இல் சென்னைத் துறைமுகத்துக்குத் தானியம் வந்தது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் தனியார் வியாபாரிகள் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். கடற்கரையில் மூட்டைகள் மலைபோலக் குவிந்தன. ரயில் பாதைகள் தாங்கும் மட்டும் உள்நாட்டுக்குச் சென்றன. விலை ஏறினால் தானியம் வரும் என்று ஸ்மித் சொன்னது நடந்தது. டெம்பிளும் அவரைச் சேர்ந்தவர்களும் அதைச் சுட்டிக்காட்டிப் பெருமைப்பட்டதில் பொய்யில்லை. ரயில் நிலையத்திலிருந்து இருபது மைல் தள்ளி வண்டிமாடு செத்துக் கிடந்த ஊரில் மட்டும் அந்தத் தானியம் கிடைக்கவில்லை. கிடைத்த ஊரிலும் வாங்கக் காசில்லை. விதைப்பு இல்லாததால் கூலி இல்லை; துணி வாங்க ஆளில்லாததால் நெசவாளிக்குத் தறி ஓடவில்லை. தாலி முதல் செம்பு வரை விற்றுத் தீர்ந்தபின் சந்தையில் அவர்கள் இருப்பதே சந்தைக்குத் தெரியாது. பஞ்சத்தில் மக்கள் சாவது உணவு இல்லாததால் மட்டுமல்ல, உணவைப் பெறும் உரிமை கைவிட்டுப் போவதாலும்தான் என்று அமர்த்தியா சென் 1981இல் நிறுவியதன் பச்சை உதாரணம் இது. தானியத்தைப் பற்றிக் கோட்பாடு சொன்னது சரி. மனிதர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

பாதி உண்மையின் ஆபத்து இதுதான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் ஒரிசாவோடு அது செத்திருக்கும். பாதி உண்மையாக இருந்ததால் ஒவ்வொரு பஞ்சத்திலும் தனக்கான சாட்சியத்தைத் தானே பொறுக்கிக்கொண்டது. கடற்கரை மூட்டைகளைக் கண்டவன் கோட்பாடு வென்றது என்றான். பெல்லாரி முகாமைக் கண்ட கார்னிஷுக்கு அது தோற்றது தெரிந்தது. மூட்டைகளைக் கண்டவனிடம் அதிகாரம் இருந்தது.

பட்டினி கிடந்தவர்களுக்கும் கருத்துகள் இருந்தன. வரலாற்றில் கருத்தின் பங்கு பற்றி எழுதுபவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். குறைத்த கூலிக்கு மண் சுமக்க மாட்டோம் என்று பம்பாய் ராஜதானியில் ஆயிரக்கணக்கானோர் 1877 தொடக்கத்தில் நிவாரண வேலையைவிட்டு வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக் சபை அவர்களுக்காக எழுதியது. ஆபத்தில் ஆள்பவன் சோறு போட வேண்டும், அது பிச்சை அல்ல என்பது அவர்கள் எண்ணம். அதை எழுதிவைக்க அவர்களுக்கு ஹெய்லிபரி இல்லை. தெற்கே மக்கள் பஞ்சம் பிழைக்கக் கிளம்பினார்கள். 1877 ஒரே ஆண்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கங்காணிகளோடு போய்ச் சேர்ந்தார்கள். தாதாபாய் நௌரோஜி இந்திய வறுமை பற்றிய தம் கட்டுரைகளைப் பம்பாயில் வாசித்தது 1876இல். ரொமேஷ் சந்திர தத் கர்சனுக்குப் பஞ்சங்கள் பற்றிய கடிதங்களை வெளியிட்டது 1900இல். இந்தச் சாவுகளிலிருந்து பிறந்த எதிர்க்கருத்து ஆட்சியைத் தொட ஒரு தலைமுறை பிடித்தது.

தீர்ப்புக்கு வரும்போது அளவு தவறக் கூடாது. ஐம்பது லட்சம் உயிர்களையும் ஒரு கோட்பாட்டின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. பிகாரையும் சென்னையையும் நேருக்கு நேர் ஒப்பிடவும் முடியாது. பிகாரில் பொய்த்தது குறுகிய காலம், சென்னையில் இரண்டு ஆண்டு. பக்கிங்காம் நினைத்ததெல்லாம் நடந்திருந்தாலும், காலராவும் அம்மையும் மழை திரும்பியபின் வந்த காய்ச்சலும் லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோயிருக்கும். பசியைக் கொண்டுவந்தது வானம். செலவைக் குறை என்ற நெருக்கடியைத் தந்தது பேரரசின் நிதி நிலை. அந்த நெருக்கடி யாருடைய தட்டில் கைவைப்பது என்பதையும், எத்தனை அவுன்ஸ் குறைப்பது என்பதையும், குறைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதையும் சாத்தியமாக்கியது கோட்பாடு. 1877 ஜனவரிக்கும் உணவளவு உயர்ந்ததற்கும் இடையே அரைப் பவுண்டு தானியம் கிடைக்காமல் செத்தவர்களைப் பொறுத்தவரை கருத்துதான் காரணம் என்று தயங்காமல் சொல்வேன். அந்த அரைப் பவுண்டு சென்னையில் இருந்தது, வாங்கப் பணமும் இருந்தது, கொடுக்கச் சொன்ன டாக்டரும் இருந்தார்.

ஆனால் அந்தக் கருத்தை ஸ்மித்தின் கருத்து என்று சொல்ல மாட்டேன். கம்பெனி அதிகாரிகளின் பேராசையைக் கண்டித்து எழுதியவரின் வாக்கியங்கள் நூறு ஆண்டுக்குப்பின் அதே நாட்டில் அதிகாரிகளின் கவசமாயின. கெய்ன்ஸ் நினைத்தது போல இறந்தவர் வந்து ஆட்டிவைக்கவில்லை. பாடத்திட்டம், கையேடு, சுற்றறிக்கை, பதவி உயர்வு ஆகியவற்றின் வழியாக வடிகட்டப்பட்டு, நிபந்தனைகள் உதிர்ந்து, விதியாக இறுகிப்போன ஒன்றே ஆட்டிவைத்தது. ஸ்மித்தின் நூலைக் கருத்து என்று அழைத்தால், டெம்பிளின் கைக்கு வந்தது நிர்வாக வழக்கம். வரலாற்றில் வேலை செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவம்தான். மார்க்ஸின் கட்சியும் கெய்ன்ஸின் கட்சியும் இதைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

அந்த வழக்கம் மாறிய விதமும் இதையே காட்டுகிறது. ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் 1880இல் அறிக்கை தந்தது. உணவுக்குறைவைவிடக் கூலிக்குறைவே பஞ்சம் என்று அது ஏற்றுக்கொண்டது. உயிரைக் காப்பது சர்க்காரின் கடமை என்றும் எழுதியது. 1883இல் பஞ்சச் சட்டக்கோவை வந்தது: எப்போது அறிவிப்பது, எந்த ஊரில் வேலை திறப்பது, யாருக்கு எவ்வளவு என்று விதியாகவே எழுதிவைத்தார்கள். கார்னிஷின் கருத்து பாதி வென்றது. வென்ற பாதி கையேட்டில் ஏறியதால் வென்றது. தானிய வியாபாரத்தில் சர்க்கார் கைவைக்காது என்ற பழைய கோட்பாடு அப்படியே நீடித்தது.

அந்தக் கமிஷனுக்குள்ளேயே இருவர் மறுத்து எழுதினார்கள். ஒருவர் இங்கிலாந்து விவசாய அறிஞர் ஜேம்ஸ் கேர்ட், மற்றவர் சென்னை சிவிலியன் சல்லிவன். வியாபாரி எட்டிப்பார்க்காத உள்நாட்டு மாவட்டங்களில் சர்க்காரே தானியக் கிடங்கு வைக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை. மற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், வாக்குரிமை பெற்ற மக்களும், வெளிநாட்டுக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த ஒரு நாடும் இருந்தபோது, சர்க்கார் கிடங்கு என்ற எண்ணம் சட்டமாகி நிறுவனமாகி நின்றது. 1965 ஜனவரி 14ஆம் தேதி இந்திய உணவுக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறக்கப்பட்டது.